பங்கர் நிறையப் போத்தல்

என் கணவருக்கு மண்வெட்டியில் எந்தப் பக்கம் பிடி என்றே தெரியாது என்று என் அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அது பொய். பிடி தெரியும். பிடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியாது.

சண்டைக் காலம். திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மகளுக்கு மூன்று வயது. இவருக்கு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. நாங்கள் விரும்பிக் கலியாணம் கட்டினவர்கள். மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானில் வயல் செய்த அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பேனை பிடிக்கிறவன் சாமான் தட்டுப்பாடான நேரத்தில என்ர பிள்ளைக்கு எதைத் தின்னக் குடுப்பான்? கந்தோர்க் கோவைக் கடதாசியையோ?" என்று கேட்டார். கேட்டதும் என்னிடம்தான். இவருடன் நாலு வருடமாக ஒரு சொல் கதைக்கவில்லை. கலியாணத்தன்றுகூடக் கதைக்கவில்லை.

அந்த வருடம் சித்திரை மாதம், ஆவணியில் பேத்தியைப் பார்க்க வருகிறேன் என்று அப்பா எனக்குக் கடிதம் போட்டார். அதில் இவரைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. இவர் கடிதத்தை வாங்கி மூன்று தரம் படித்தார். பிறகு பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார், பாவம்.

"மாமா என்னோட ஒரு சொல் கதைச்சால் போதும்," என்றார். "ஏசினாலும் பரவாயில்லை."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, அப்பாமேல் கோபமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் நான் சட்டிபானைகளைத்தான் போட்டு அடிப்பேன். அன்றைக்குக் குசினியில் ஒரு மூடி நெளிந்தது.

அடுத்த நாளே இவர் தோட்டம் தொடங்கினார். கந்தோர் உடுப்பைக் கழற்றாமலே கத்தரிக்குப் பாத்தி கட்டினார். பாகல், பயற்றை, மிளகாய், பூசணி என்று கண்ட விதையெல்லாம் ஊன்றினார். ஊன்றினது முளைக்கிறதா என்று தினமும் தோண்டிப் பார்த்தால் எது முளைக்கும்? முதல் விதைப்பு அப்படியே போனது. இரண்டாம் விதைப்பில் நான் மண்வெட்டியை ஒளித்து வைத்தேன். அது முளைத்தது. முளைத்ததை ஒரு நாள் கோட்டையிலிருந்து ஊருக்குள் மேய வருகிற மான் ஒன்று வந்து தின்னத் தொடங்கியது. இவர் வேலியோரம் நின்று கந்தோர்ப் பெரியவரிடம் பேசுவதுபோல, "போங்கோ, தயவு செய்து போங்கோ," என்று கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். நான்தான் விளக்குமாற்றோடு ஓடினேன்.

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, ஆடி பிறந்ததும் காய்த்துக் கொட்டியது. தின்று முடிக்க ஏலாது. கச்சான் காற்று சுடச்சுட அடிக்கிற நாள் வற்றல் போடத் தோதான நாள். பாகற்காயை வட்டம் வட்டமாக வெட்டி உப்பில் பிரட்டிப் பாயில் பரப்பினோம். கத்தரிக்காய் வற்றல், மோர்மிளகாய், தேசிக்காய் ஊறுகாய் எல்லாம் இவர் கையால். காகம் கொத்துகிறது என்று எங்கள் நுளம்புவலையைக் கழற்றி வற்றலுக்குக் கட்டினார். வற்றல் பத்திரமாகக் காய்ந்தது. எங்களை நுளம்பு பிய்த்தது. மகளுக்குக் கன்னமெல்லாம் தடித்துவிட்டது. "உங்கட வற்றலுக்கு ஒரு கட்டிலும் போட்டுக் குடுங்கோவன்," என்று கத்தினேன். ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான், "கட்டில் தேவையில்லை," என்றார்.

வீட்டு வளவில் நின்ற விளாமரமும் விடவில்லை. அந்தப் பழத்தில் ஜாம் காய்ச்சினது நான். சீனி தட்டுப்பாடு, அதனால் பாதிச் சீனிதான் போட்டேன். மூடியை மட்டும் இறுக்கி, மெழுகுதிரி உருக்கி அடைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இவரை மட்டும் குறை சொல்கிறேன் என்று பிறகு சொல்லக் கூடாது.

இவ்வளவு போத்தலையும் எங்கே வைப்பது? வீட்டில் இருந்தது ஒரேயொரு அலுமாரி. அப்போதுதான் இவருக்கு அந்த மூளை வேலை செய்தது. வளவுக்குள் நாங்கள் வெட்டி வைத்திருந்த பங்கர். தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, செல் குண்டு விழுந்தால் போய்ப் பதுங்குவதற்கென்று கட்டினது. மூன்று மாதமாகச் செல் சத்தம் இல்லை. உள்ளே குளிர்ச்சி, வெயில் படாது. இரண்டு பக்கமும் பலகைத் தட்டு அடித்துப் போத்தல்களை அடுக்கிவிட்டார். ஒவ்வொன்றிலும் கோவை இலக்கம் எழுதி ஒட்டினார். மோர்மிளகாய்ப் போத்தலில், "தங்கள் கவனத்துக்கும் தேவையான நடவடிக்கைக்கும்" என்று இருந்தது.

"செல் அடிச்சால் நாங்கள் எங்க இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நடுவில," என்றார்.

ஆவணியில் அப்பா மூதூர் லாஞ்சுப் படகில் வந்து இறங்கினார். மகளைத் தூக்கிக் கொஞ்சினார். என்னைப் பார்த்து, மெலிந்துவிட்டாய் என்றார். இவரைக் கதவு நிலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார். இவர் மூன்றடி பின்னால், மேற்பார்வைக்கு வந்த பெரியவருக்குப் பின்னால் போவதுபோலப் போனார். அப்பா பூசணியைத் தட்டிப் பார்த்தார். இவர் மூச்சை அடக்கினார். அப்பா அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குள்ளும் அதே கூத்து. இருவருக்கும் நடுவில் மகள்தான் தந்தி.

"பிள்ளை, அந்தக் கதிரையை இஞ்சால தள்ளச் சொல்லு உன்ர அப்பாவை."

"அப்பா, அம்மப்பாவுக்குக் கதிரை வேணுமாம். எனக்கு ஐஸ்பழம் வேணுமாம்."

"அம்மப்பாட்டக் கேளுங்கோ செல்லம், தேத்தண்ணி போடட்டோ எண்டு."

"அம்மப்பா, தேத்தண்ணி வேணுமோ? ஐஸ்பழம் வாங்குவமோ?"

மத்தியானம் இவர் பங்கரிலிருந்து போத்தல் போத்தலாக எடுத்து வந்து பரிமாறினார். அப்பா வற்றலை மூன்று முறை கேட்டு வாங்கினார். கேட்டதும் என்னிடம்தான். சாப்பிட்டு முடித்து மகளிடம், "உன்ர அம்மா நல்லா வற்றல் போட்டிருக்கிறா," என்றார்.

"அதெல்லாம் இவர் போட்டது!" என்று கத்திவிட்டேன். அப்பா கைகழுவ எழுந்து போனார். இவர் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

கோப்பை கழுவி முடியவில்லை, துறைமுகப் பக்கம் 'டொம்' என்றது. பிறகு இன்னொன்று, கிட்டத்தில். இவர் மகளை வாரிக்கொண்டு ஓடினார். நானும் அப்பாவும் பின்னால் ஓடிப் பங்கருக்குள் விழுந்தோம்.

விழுந்தால் இருக்க இடமில்லை. போத்தல் இடிக்காமல் காலை நீட்ட ஏலாது. மகள் என் மடியில். அப்பாவின் மடியில் ஊறுகாய்ச் சாடி. அவரும் இவரும் முழங்கால் முட்டக் குந்தியிருந்தார்கள். "இஞ்சேரும், மாமாவைக் குறை நினைக்க வேண்டாமெண்டு சொல்லும்," என்று இவர் இருட்டுக்குள் என்னிடம் கிசுகிசுத்தார்.

"இப்ப வாயைப் பொத்துங்கோ!" என்றேன்.

வெளியே மறுபடி ஒன்று விழுந்தது. நிலம் அதிர்ந்தது, போத்தல்கள் கிணுகிணுத்தன. அடுத்த கணம் எங்கள் தலைக்கு மேலேயே 'டப்!' என்று வெடித்தது. கண்ணாடி சிதறியது. அப்பா சாடியை எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் இவருடைய தலையைப் பிடித்துக் கீழே அமத்தி, தன் நெஞ்சால் மூடிக்கொண்டு கத்தினார்:

"குனியும் மருமகன்! தலையைக் குனியும்!"

பிறகு விளாம்பழ மணம் வந்தது. டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். என்னுடைய ஜாம் புளித்துப் பொங்கி, போத்தலை உடைத்துக்கொண்டு வந்திருந்தது. அப்பாவின் மொட்டைத் தலையிலிருந்து அது காது வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மகள் விரலால் தொட்டு நக்கினாள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இவர் மட்டும் முழங்காலுக்குள் முகத்தை வைத்தபடி அப்படியே இருந்தார். காயமோ என்று டோர்ச்சை இவர் பக்கம் திருப்பினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இஞ்சேருங்கோ, அது ஜாம் போத்தல். எழும்புங்கோ."

"மாமா இன்னும் எழும்பச் சொல்லேல்லை," என்றார்.

அப்பா தலையைத் துடைத்தார். கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார், அவள் வாய் நிறைய ஜாம், அவளால் இப்போது தந்தி அடிக்க ஏலாது.

"எழும்பும் தம்பி," என்றார் அப்பா. "கழுத்து நோகப் போகுது."

இவர் எழும்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.