பேனல் ஓரத்தில் மூன்று பொட்டு

கோயமுத்தூரில் கணபதிக்கு அப்பால் ஒரு ஷெட்டில் நாங்கள் வீடு செய்துகொண்டிருந்தோம். லடாக்கில் ஒரு மலைக் கிராமத்து டீச்சர்கள் குளிர்காலம் முழுக்கத் தங்குவதற்கான வீடு. இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த பேனல்களைச் செய்து லாரியில் அனுப்பிவிட்டால், அங்கே போல்ட் போட்டு நிறுத்திக்கொள்ளலாம். பகல் வெயிலைப் பிடித்து வைத்து, டீசலோ விறகோ எரிக்காமல் இரவைக் கடத்திவிடும் என்றார்கள். ஒரு சந்து இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தச் சந்தை அடைக்க, பேனல் ஓரங்களில் டேப் ஒட்டுவது என் வேலை. அங்கே போய் நிறுத்துவது என் வீட்டுக்காரர் வேலை. பொள்ளாச்சியில் கொப்பரைக் கிடங்குகளுக்குக் கூரை போட்ட மனிதர், பனியைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஆயுத பூஜையன்று மிஷின்களுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பேனல்களுக்கும் வைக்கப் போனேன். சூப்பர்வைசர் தடுத்தார்.

"அம்மணி, வெள்ளைத் தகட்டுல வெச்சுப்போடாதீங்க, கறை போகாது. ஓரத்துல வெய்யுங்க."

ஓரத்திலேயே வைத்தேன். என் வீட்டுக்காரர் போய் நிற்கப்போகிற இடமாயிற்றே என்று பேனலுக்கு மூன்று பொட்டாகச் சந்தனத்தை அள்ளி வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். மறுநாள் டேப் ஒட்டும்போது அதைத் துடைக்க மனசு வரவில்லை. சாமிக்கு வைத்ததைத் துடைப்பதா? மேலேயே ஒட்டினேன். கோயமுத்தூர் வெயிலில் நன்றாகத்தான் ஒட்டியது.

அவரும் இன்னும் மூன்று பேரும் போனார்கள். வீட்டை நிறுத்தி முடித்த அன்றே பனி கொட்டி, கீழே வரும் வழியும் பக்கத்துக் கிராமத்துக்குப் போகும் பாதையும் மூடிக்கொண்டன. டீச்சர்களுக்குக் கட்டிய வீட்டில் இவர்கள் நாலு பேரும் அடைபட்டார்கள். ஒரு நாள் காலை அவரிடமிருந்து போன் வந்தது.

"உள்ள வெச்ச தண்ணியே கல்லாட்டம் உறைஞ்சுபோச்சு. ஒருத்தர் எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. இந்த ஊட்டுல எத்தன நாள் தாங்குவோம்னு தெரியல, கண்ணு."

அன்று பத்து மணிக்கு அவர் அனுப்பிய போட்டோவை ஆபீசில் எல்லாரும் பார்த்தோம். ஒரு பேனலைக் கழற்றி எடுத்த படம். டேப் உரிந்து தொங்குகிறது. அடியில் காய்ந்த மஞ்சள் திட்டு, நடுவில் சிவப்பு. பூஞ்சையாக இருக்கும் என்றார் இன்ஜினியர். போனிலேயே அவரிடம், எல்லா இணைப்பையும் தடவிப் பார்த்து, எங்கே காற்று வருகிறதென்று சொல்லச் சொன்னார்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், ஷெட்டில் எல்லாரும் காறித் துப்புவார்கள் என்று பயம். மதியம் சொல்லலாம், சாயங்காலம் சொல்லலாம் என்று டேப் ஒட்டிக்கொண்டே இருந்தேன். புருஷன் விறைத்துக் கிடக்கும்போது மானத்தைப் பார்த்தவள் நான். இதை எப்படிச் சொன்னாலும் அசிங்கம்தான்.

மறுநாள் காலையில்தான் அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, அது நான் வெச்ச பொட்டுங்க. எல்லாப் பேனல்லயும் இருக்குது. மேல இருந்து ஒரு முழம், நடுவுல ஒண்ணு, கீழ இருந்து ஒரு முழம்."

காற்றின் இரைச்சலுக்கு மேல் கேட்டார்.

"வேண்டிக்கிட்டா வெச்சே?"

"உங்களுக்குன்னுதாங்க."

"செரி, அழுவாத. எடம் தெரிஞ்சுபோச்சல்ல, அடச்சுப்போடறோம்."

விரித்துப் படுத்திருந்த பவானி ஜமக்காளத்தைக் கிழித்து, நான் சொன்ன இடங்களிலெல்லாம் திணித்தார்கள். ஒரு வாரம் கழித்து ராணுவ வண்டி வந்து அவர்களைக் கீழே இறக்கியது. நாலு பேரும் பிழைத்தார்கள்.

அவருடைய வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. கையுறை போட்டால் காற்று வருவது தெரியவில்லை என்று, அதைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு இணைப்பாக ஒரு பகல் முழுக்கத் தடவியிருக்கிறார். எந்தப் பகல் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. போட்டோவை அன்றைக்கே நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

இப்போதும் சாப்பாட்டைப் பிசையும்போது சில சமயம் நுனியில்லாத அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "நீ மட்டும் உடனே சொல்லலீன்னா நாங்க இல்ல, கண்ணு" என்பார். நான் ரசம் ஊற்றுவேன்.