முக்கால் ஜில்பேரின் புல்லட்

ரெட்டியார்பாளையத்தில் வந்து ஜில்பேர் வீடு எது என்று கேட்டால், எந்த ஜில்பேர் என்று திருப்பிக் கேட்பார்கள். முக்கால் ஜில்பேர் என்றால் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அங்கே என்னென்ன சாதித்தாரோ, நமக்குத் தெரியாது. இங்கே எடுத்த காரியம் எதையும் முக்கால் பாகத்துக்கு மேல் முடித்ததில்லை. மாடிப்படிக் கைப்பிடிக்குப் பச்சை பெயின்ட் அடித்தார். மேலே கொஞ்ச தூரம் இன்னும் துருதான். புறாக்கூண்டு செய்தார், கதவு வைக்கவில்லை. புறாக்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் பறந்துபோய்விட்டன. "முடிஞ்சுதா?" என்று யாராவது கேட்டால் "பிரெஸ்க்" என்பார். ஏறக்குறைய முடிந்த மாதிரிதான் என்று அர்த்தம். பிரெஞ்சில் சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது ஒரு பழைய புல்லட். அரியாங்குப்பத்தில் கோழிக்கொட்டகையில் கிடந்ததை மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்றோடு வீட்டின் முன்கூடம் ஒர்க் ஷாப் ஆயிற்று. டேங்க் சோபாவில், பிஸ்டன் சாப்பாட்டு மேசையில், போல்ட் நட்டெல்லாம் மனைவி மோனிக்கின் கேக் அச்சுகளில். எல்லாம் அசலாக இருக்கவேண்டும் என்று மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். ஒரு ஸ்பிரிங்குக்காகச் சென்னைப் புதுப்பேட்டை வரை போய்வந்தார். கறுப்பு டேங்கில் தங்கக் கோடு இழுத்தபோது மூச்சுக்கூட விடவில்லை. பார்க்க வண்டி கல்யாண மாப்பிள்ளைதான். ஓடவில்லை, அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மோனிக் வழக்கம்போல ஆட்டோவில் போய் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தார்.

லியோனிலிருந்து மகள் மரி-லோர் குடும்பத்தோடு வருவதாகப் போன் வந்தது. அன்றே மோனிக் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சனிக்கெழம காலைல வண்டி ஓடணும். இல்லன்னா காயலாங்கட வடிவேல வரச் சொல்லியிருக்கேன், எட போட்டு எடுத்துக்கட்டும்."

"பிரெஸ்க், மோனிக். கார்புரேட்டர் மட்டுந்தான்..."

"அந்த வார்த்தைய இன்னொரு தபா சொன்னீங்கன்னா உங்களையும் சேத்து எட போடச் சொல்லிடுவேன்."

கைப்பிடியும் கூண்டும் போனால் போகட்டும். இந்த வண்டியின் மேல் ஜில்பேருக்கு உயிர். இதுவும் போய்விட்டால் முக்கால் என்ற பட்டம் கல்லறை வரைக்கும் கூட வருமே என்ற பயம் வேறு. வெள்ளிக்கிழமை முழுக்க கிக்கரை உதைத்து உதைத்து முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

சாயங்காலம் மோனிக் அலமாரியிலிருந்து தகரப்பெட்டியை எடுத்தார். அறுந்த ஜெபமாலைகள், தலை போன அந்தோனியார் சுரூபம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சாமியார் மந்திரித்த பொருள் உடைந்தாலும் குப்பைக்குப் போகக்கூடாது என்பது மோனிக் போட்ட சட்டம். அதற்கு அப்பீல் கிடையாது. இன்னொரு ஜெபமாலையை உள்ளே வைத்தபடி, "மந்திரிச்சத எப்படித் தூக்கிப் போடறது, பாவம் இல்ல?" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கோயில் பக்கம் போய்வருவதாகக் கிளம்பினார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஜில்பேருக்குப் பொறி தட்டியது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலை மோனிக் மீன் வாங்கத் தேங்காய்த்திட்டுக்குக் கிளம்பிய நேரம் பார்த்து வண்டியை வெளியே எடுத்தார். புது வண்டி வாங்கியவர்கள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிறுத்தி மந்திரித்துக்கொள்வது வழக்கம். அந்த வரிசையில் சேர, விழுப்புரம் ரோடு ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனார். "இன்னா சொல்தா, பெட்ரோல் இல்லியா?" என்றார் டீக்கடைக்காரர். "எக்சர்சைஸ்" என்றார் ஜில்பேர், மூச்சு வாங்க.

பங்குச்சாமியார் வந்து ஜெபம் சொல்லி, சக்கரத்திலும் டேங்கிலும் தீர்த்தம் தெளித்தார். ஓடுமா என்று கேட்டால் சொல்வதற்கு ஜில்பேர் நாலைந்து பதில் தயாராக வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"சாமி, நீங்க ஒண்ணுமே கேக்கலியே?"

"கேக்கக் கூடாதுன்னு அம்மா நேத்தே சொல்லிட்டுப் போனாங்க. 'அவரு நாளைக்கு வண்டியத் தள்ளிக்கிட்டு வருவாரு, எதுவும் கேக்காம மந்திரிச்சு வுட்ருங்க'ன்னாங்க. மாதா பெருவிழாவுக்கு ரெண்டு பேரும் இதுலதான் வரப்போறீங்களாமே." சாமியார் வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். "ஆனா அம்மா எங்க உக்காருவாங்க?"

ஜில்பேரும் பார்த்தார். முன்னால் ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட். பின்னால் வெறும் மட்கார்டு, முகம் பார்க்கலாம்போலப் பளபளவென்று. தனியாகப் பின் சீட்டு ஒன்று இருந்தது. ரெக்சின் கிழிந்திருக்கிறது என்று வண்டி வந்த அன்றே கழற்றிப் போட்டார். அதற்கப்புறம் அந்த நினைப்பே வரவில்லை. ஒரு ஸ்பிரிங்குக்குப் புதுப்பேட்டை போன மனிதர்.

திரும்பத் தள்ளிவரும்போது வண்டி இன்னும் கனத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. மோனிக்கின் மேல் வெகுநாளைக்குப் பிறகு ஒரு பிரியமும் வந்தது. வீட்டு வாசலில் தராசோடு நின்ற வடிவேல், டேங்கில் இருந்த தீர்த்தத் துளிகளைப் பார்த்ததும், "கோயில் வண்டிய நான் தொட மாட்டேம்பா" என்று ட்ரைசைக்கிளைத் திருப்பிவிட்டார்.

தோட்டத்தில் மோனிக் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மந்திரிச்சிட்டீங்களா? என்ன ஒரு வார்த்த கேக்க வேணாம்?"

கோபம் பிரமாதமாக இருந்தது. ஜில்பேர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மோனிக் எதன் மேல் உட்கார்ந்திருந்தாரோ அதையே பார்த்துக்கொண்டு நின்றார். புல்லட்டின் பின் சீட்டு. கிழிசலை யாரோ கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் எழுந்திரு."

"இத எடுத்துட்டா நான் எதுல உக்கார்றது?"

"வண்டிலதான்."

மோனிக் அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"செதிலு ஒட்டியிருக்கும். நல்லாக் கழுவிட்டு மாட்டுங்க."

சீட்டை அன்றைக்கே மாட்டி முடித்தார். கார்புரேட்டரை மகள் வந்த பிறகும் விடாமல் பிரித்துப் பிரித்துக் கோத்தார். பிரெஸ்க் என்ற சொல் ஒரு தடவைகூட வாயில் வரவில்லை. பெருவிழா அன்று பட்டுப்புடவையில் மோனிக் பின்னால் உட்கார, வண்டி தெருவே அதிரப் போயிற்று. கோயில் வாசலில் இறங்கியதும், "மீன் வாட இன்னும் போவல" என்றார் மோனிக்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது, வழக்கமான ஆட்டோக்காரர் அவருக்காக வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார். மோனிக் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு, ஜில்பேரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.