ஸ்பீக்கரில் கேட்ட என் நோவு

என் கை, கால் மூட்டு நோவுக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்த கிளினிக் டொக்டர் ஒருநாள், உளவளத்துணையாளர் ஒருவரிடமும் கதைத்துப் பாருங்கள் என்றார். ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்குப் போய் வருவதே எனக்குப் பெரும்பாடு என்பது அவருக்குத் தெரியும். ஒன்லைனில்தான், எங்கும் அலையத் தேவையில்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“நோ மூட்டிலதானே டொக்டர். தலையிலயா?”

“மூட்டிலதான். ஆனா அதோட நாள் முழுக்கச் சண்டை பிடிக்கிறது நீங்கள்தானே.”

அப்படித்தான் மட்டக்களப்பிலிருந்து ஓர் இளம்பெண் என் ஃபோனுக்குள் வந்தாள். ஞாயிறு காலைகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் அவளோடு கதைப்பேன். ஆரம்பத்தில் என்னால் ஓரிடத்தில் இருக்கவே முடியவில்லை. கட்டிலில் இருப்பேன், எழும்புவேன், யன்னலடிக்குப் போவேன், திரும்புவேன்.

“அக்கா, எனக்கு உங்கட அலுமாரியும் ஃபேனும்தான் தெரியுது” என்பாள்.

“இருந்தா முழங்கால் விறைக்குது மிஸ். நிண்டா பாதம் நோகுது.”

“அப்ப நடந்துகொண்டே கதையுங்கோ” என்றாள். அதற்குப் பிறகுதான் அவளை எனக்குப் பிடித்தது.

மூச்சைக் கவனிக்கச் சொன்னாள். நோ குறைந்த நாளில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவிவிட்டு அடுத்த நாள் படுத்துக் கிடக்காமல், வேலையைப் பிரித்துச் செய்யச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். பாதியைத்தான் செய்தேன். ஒரு கிழமை அவள், எந்த நேரத்தில் மனம் கூடக் குழம்புகிறது என்று கேட்டாள். யோசிக்காமலே வாயில் வந்தது: “அவர் உதவி செய்யேக்க.”

என் கணவர் துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியன். நல்ல மனிதர். நான் ஜாம் போத்தலைக் கையில் எடுத்தாலே போதும், ஓடி வந்து பறித்து மூடியைத் திறந்து தந்துவிடுவார். ரொட்டிக்கு மா குழைக்கக் கோப்பையை எடுத்தால், “விடும், விடும்” என்று தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் எனக்குள் ஒன்று கொதிக்கும். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கொதிக்கிறதே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்படுவேன்.

அடுத்த ஞாயிறு கிண்ணியாவிலிருந்து அவருடைய வேலைத்தள நண்பர் வந்திருந்தார். ஹோலில் இருவரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குள் கதைக்கத் தொடங்கிச் சற்று நேரத்தில் அவளுடைய குரல் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. “மிஸ், கேக்கேல்ல” என்று ஃபோனைத் தட்டினேன். அப்போது கதவுக்கு வெளியே பெரிய சத்தமாக அவளுடைய குரல் கேட்டது.

“போன கிழமை சொன்னீங்கள் அக்கா, உங்கட அவர் உதவி செய்யிற நேரம்தான் கோவம் கூட வருது எண்டு. அதைக் கொஞ்சம் கதைப்பமா?”

நண்பருக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுவதற்காகக் கணவர் மகளின் புளூடூத் ஸ்பீக்கரை இயக்கியிருக்கிறார். முந்தின நாள் மகள் என் ஃபோனை அதில் இணைத்து வைத்திருந்தாள். அது தானாகவே என் ஃபோனைப் பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்தபோது நண்பர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி நின்றார். “நான் பொறகு வாறன் மச்சான்” என்று செருப்பைத் தேடினார். கணவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. கோபமாகக்கூட இல்லை, மிக மரியாதையாக விலகி இருந்தார். நான் மூடியோடு மல்லுக்கட்டுவதைக் கண்டால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். விரும்பியது கிடைத்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குசினிக்கும் முற்றத்துக்கும் காரணமில்லாமல் நடந்தேன். முழங்கால் வீங்கியது.

கடைசியில் ஒரு பின்னேரம் குசினி வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“செய்யட்டோ, வேண்டாமோ? ஒண்டைச் சொல்லும்.”

“கேட்டா செய்யுங்கோ. கேக்காட்டி நில்லுங்கோ.”

“நிக்கிறதுதான் எனக்கு ஏலாது” என்றார். “உமக்கு நோகேக்க சும்மா நிண்டு பாத்துக்கொண்டு இருக்க ஏலாது.”

எனக்கு மட்டும்தான் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை என்று நினைத்திருந்தேன்.

மறுகிழமை அவரையும் கூட்டிக்கொண்டு ஃபோனுக்கு முன்னால் இருந்தேன். வேலை நேர்முகத்துக்கு வந்தவரைப் போலச் சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டியிருந்தார். அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், “இவவுக்கு நோகிற நேரம் நான் எங்க நிக்கிறது மிஸ்?” என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான், “கூப்பிட்டாக் கேக்கிற தூரத்தில” என்றேன். அவர் தலையாட்டினார்.

நோ இன்னும் போகவில்லை. மாவைப் பாதி குழைத்து, கதிரையில் இருந்து கையை ஆற்றி, மீதியைக் குழைக்கிறேன். சில நாள் கூப்பிடுகிறேன், வருகிறார். கூப்பிடாத நாட்களில் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருக்கிறார், மழை தூறினாலும்.