முயலுக்குத் தீட்டிய சிவப்பு

என் மேசை இழுப்பறையில் ஒரு மர அடிமட்டம் கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோடு போடுகிற, ஓரடி நீளமுள்ள சாதாரணப் பலகைதான். முன்பக்கத்தில் அங்குலக் கோடுகள். பின்பக்கத்தில் வரிசையாக ஐந்து சதுரங்கள். முதலாவது வெறும் வெள்ளை. அடுத்தது கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற மெல்லிய சிவப்பு. அப்படியே படிப்படியாக ஏறி, ஐந்தாவது நல்ல இரத்தச் சிவப்பு. ஒவ்வொன்றின் கீழும் பூச்சியம் முதல் நான்கு வரை கறுப்பு மையில் எண்கள். கெமிஸ்ட் ஐயா அதைத் தீட்டி, வார்னிஷ் பூசி, ஜன்னலோரம் காயவைத்த நாளில் அது அப்படித்தான் இருந்தது.

எழுபதுகளில், இலங்கைக்கு வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்த காலம். எதையாவது உள்ளூரில் செய்து விற்றால் போதும், வாங்க ஆளிருந்தது. பதுளை டவுனுக்கு வெளியே ஒருவர் எண்ணெய் வடிக்கும் தொழிற்சாலை தொடங்கினார். மலைச்சரிவுகளில் சும்மா மண்டிக்கிடந்த மானாப்புல்லையும் யூகலிப்டஸ் இலையையும் அவித்து எண்ணெய் எடுத்தார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் காலில் பூசிக்கொண்டால் அட்டை கடிக்காது என்று சொல்லி அதைத் தோட்டங்களுக்கு விற்பது முதலாளியின் எண்ணம். எண்ணெய் தோலுக்குக் கெடுதல் செய்யாது என்று முதலில் படித்தவர் ஒருவர் எழுதித்தர வேண்டும். அதற்காக வடக்கிலிருந்து கெமிஸ்ட் ஐயா வந்தார். அவருக்கு முன்பே பன்னிரண்டு வெள்ளை முயல்கள் கொழும்பிலிருந்து கோச்சி என்கிற ரயிலேறி வந்திருந்தன. முயல்களைப் பராமரிக்கவும் பதிவேடு எழுதவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து, அம்மா செத்த பிறகு சின்னம்மாவின் கொழுந்துக் கூடையில் வளர்ந்து, பத்தாம் வகுப்பைத் தொட்டவன் நான். ஆறு மாதம் ஒழுங்காக வேலை செய்தால் நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். எங்கள் லயத்தில் மேசை முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

ஐயா நல்ல மனுஷர். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். முயலின் முதுகில் மயிரை மழிக்கும்போது மெஷின் சூடேறினால் நிறுத்திவிடுவார். "வாயில்லாச் சீவன் தம்பி, மெல்லப் பிடியும்" என்பார். மழித்த இடத்தில் எண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவி, திறந்தபடி விட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எந்தச் சதுரத்தின் சிவப்போடு தோல் ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைச் சொல்வார். நான் எழுதுவேன். பெரும்பாலும் பூச்சியம். எப்போதாவது ஒன்று. ஒரு முயலுக்கு இரண்டு வந்தபோது அன்று மத்தியானம் அவர் சோறு சாப்பிடவில்லை. தன் காசில் கரட் வாங்கிவந்து அதற்கு ஊட்டினார். மூன்று மாதத்தில் அறிக்கை தயாரானது. எண்ணெய் நல்லது.

தோட்டத்துக்கு எண்ணெய் வந்திறங்கியபோது பெண்கள் சட்டென்று தொடவில்லை. தோட்டத்தை நடத்துகிற துரைமார் இலவசமாக எதையும் கொடுத்துப் பழக்கமில்லாதவர்கள். நான் விடுமுறைக்குப் போயிருந்தேன். சின்னம்மா போத்தலை மோந்து பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"என்னா தம்பி, பூசலாமா?"

"தைரியமா பூசுங்க சின்னம்மா. மொயலுக்குப் போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணும் பண்ணாது."

அவள் உடனே பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள். "நம்ம தம்பி பாத்து எழுதுன எண்ணெயாம். பயப்படாம பூசுங்கடி." மறுநாள் மலைக்குப் போன அத்தனை காலிலும் அந்த எண்ணெய் மினுங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரத்தில் கால்கள் எரியத் தொடங்கின. காரணம் இன்றைக்குச் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். எங்கள் முயல்கள் உலர்ந்த கூட்டில், காற்றுப்பட இருந்தவை. கொழுந்து பறிக்கிற பெண்ணோ பனியும் மழையும் ஏறாமலிருக்க இடுப்பிலிருந்து கணுக்கால் வரை படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்பவள். பூசிய எண்ணெய் அந்த ஈரச் சாக்குக்குள்ளேயே நாள் முழுக்கக் கிடந்து தோலை அவித்துவிட்டது. அந்தச் சாக்குக்குள் ஒளிந்து விளையாடி வளர்ந்த எனக்கே அது தோன்றவில்லை என்றால், கடலோரத்தில் பிறந்த ஐயாவுக்கு எப்படித் தோன்றும்?

பெண்கள் வேலைக்கு வரவில்லை என்று துரை தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினார். ஐயாவும் நானும் போனோம். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் இருபது பெண்களைச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். துரை ஆபீஸ் படியில் நின்றார். ஐயா தன் பையைத் திறந்து அந்த அடிமட்டத்தை எடுத்தார். முதல் பெண்ணின் காலருகே குந்தி, சதுரங்களை வைத்துப் பார்த்தார். "சிவப்பு ஒண்டும் தெரியேல்லையே. பூச்சியம்" என்றார். நான் எழுதினேன். அடுத்தவளுக்கும் பூச்சியம். கால்கள் வீங்கித் தோல் இழுபட்டுப் பளபளவென்று நின்றன. ஆனால் அந்தப் பலகை சிவப்பை மட்டும்தான் கேட்டது. வெள்ளை முயலின் தோலுக்கென்று தீட்டிய சிவப்பு, வெயிலில் கறுத்த எங்கள் தோலில் எங்கிருந்து வரும்?

ஏழாவதாகச் சின்னம்மா நின்றாள். நான் குனிந்து அவள் காலைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோலச் சுட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஐயா, நம்ம தோல்ல சிவப்புத் தெரியாதுங்க" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

ஐயா அடிமட்டத்தைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். அவர் கையும் சின்னம்மாவின் காலும் ஒரே நிறம். அவருக்கு விளங்கிவிட்டது என்பதை நான் கண்ணால் கண்டேன். பிறகு படியில் நின்ற துரையை நிமிர்ந்து பார்த்தார்.

"பூச்சியம் எண்டு எழுதும்" என்றார்.

நான் எழுதவில்லை என்று இங்கே எழுத எனக்கு ஆசைதான். எழுதினேன். நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம் இருந்தது. சின்னம்மா என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்துத் தெரியாதவள், ஆனால் அதற்கு முன் ஆறு தடவை அதே வட்டத்தை நான் போட்டதைப் பார்த்திருந்தாள்.

"மொயலு எரியுதுன்னு சொல்லாது தம்பி. அதுக்கு அந்தப் பலகை வேணும். நாங்கதான் வாயத் தொறந்து சொல்றோமே, அதக் கேக்க ஒரு பலகை இல்லையா?"

ஐயா எழுந்து அடுத்த பெண்ணிடம் போனார். இருபது பூச்சியம். அறிக்கை கிடைத்ததும் பெண்கள் வேலைக்கு வராமலிருக்க நடிக்கிறார்கள் என்று துரை முடிவு செய்தார். வேலைக்குத் திரும்பாதவர்களின் பெயரை வெட்டினார்கள். சின்னம்மாவின் வலது கால் புண்ணாகி, ஆஸ்பத்திரியில் தடவிவிட்ட ஊதா மருந்தோடு மாதக்கணக்கில் கிடந்து, ஆறியபோது மடக்க முடியாமல் போயிருந்தது. மலை ஏற முடியாதவளுக்குத் தோட்டத்தில் இடமில்லை. இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கொடுத்து, அவள் வேண்டாமென்று ஒதுக்கி வைத்திருந்த இந்தியப் பாஸ்போட்டைக் கையில் எடுத்தாள். பதுளை ஸ்டேஷனில் அவளைத் தூக்கித்தான் கோச்சியில் ஏற்றினேன். "ஒன்னைய நிரந்தரமாக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லா இரு" என்றாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

ஐயா அந்த வருடமே வேலையை விட்டுப் போனார். போகிற அன்று அடிமட்டத்தை என் மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறினார். அவரை எத்தனையோ நாள் மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். சொன்னது அவர் வாய், சரி. எழுதிய கை யாருடையது என்ற இடத்துக்கு வந்ததும் திட்டு அங்கேயே நின்றுவிடும்.

இன்று காலை எதையோ தேடும்போது அது மறுபடி கையில் அகப்பட்டது. ஐயா பூசிய வார்னிஷ் இத்தனை வருடத்தில் கறுத்துவிட்டது. வெள்ளைச் சதுரம் மஞ்சளாகி, சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பழுப்பேறிவிட்டன. நான்காம் எண்ணுக்கு மேலிருக்கும் சதுரத்தில் சிவப்பே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் என் புறங்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தோலும் சதுரமும் அச்சாக ஒத்துப்போயின. இப்போது வைத்துப் பார்த்தால் சின்னம்மாவின் காலுக்கு நான்கு என்று எழுதலாம். வைத்துப் பார்க்க அந்தக் கால்தான் இல்லை.