இரண்டு தடவை கேட்டார்கள்

பெங்களூரில் ஒரு தடவைதான் கேட்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஜீவனஹள்ளியில் நான் வாடகைக்கு இருந்த அறை வீட்டுக்காரர்களின் சமையல்கட்டை ஒட்டி இருந்தது. சாயங்காலம் நான் திரும்பி வரும்போது வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று "ஊட்டா மாடப்பா" என்பார்கள், சாப்பிடு என்று. குடியாத்தம் பக்கத்து ஆளுக்கு உடனே சரி என்று சொல்ல எப்படி வாய் வரும்? "இல்லம்மா, இப்பதான் ஆச்சு" என்பேன். ஊரில் என்றால் அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கும். கையைப் பிடித்து இழுப்பார்கள், உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே என்பார்கள், தட்டை வைத்துவிட்டுத்தான் மறுபேச்சு. இந்த அம்மாவோ "சரியப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நான் அறையில் உட்கார்ந்து அவர்கள் வீட்டுச் சாற்று வாசனையை மோந்துகொண்டு தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் வேண்டாம் என்றேன், அவர்கள் என் வார்த்தையை மதித்தார்கள், அவ்வளவுதான். ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப் போல ஊரை விட்டு வந்து கிடக்கிறவர்களுக்கும் இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் ராத்திரிச் சாப்பாட்டை இழந்த இந்த இடத்தில்தான் இன்னொரு மனுஷன் தன் வாழ்க்கையையே இழந்தான்.

நான் எட்டாவதோடு நின்றவன். அல்சூர் பக்கம் ஒரு ஃபுட்பால் கிளப்பில் வேலை கிடைத்தது. ஜெர்சி துவைப்பது, பந்துக்குக் காற்று அடிப்பது, ஹாஃப் டைமில் ஆரஞ்சு உரித்துத் தருவது, அடிபட்டவன் காலில் ஐஸ் வைப்பது, இதெல்லாம் என் வேலை. எனக்கு எப்போதும் அடிவயிற்றில் ஒரு பயம் உண்டு. ஜெர்சி காயாமல் போய்விடுமோ, பந்து நடு ஆட்டத்தில் காற்று இறங்கிவிடுமோ, ஸ்டோர் ரூமைப் பூட்டினேனா இல்லையா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவேன். பிளேயர்கள் என்னை "டென்ஷன் முனி" என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் முனிரத்தினம். என்னை "முனி ஜான்" என்று கூப்பிட்டவர் ஒருவர்தான். அவர் ஈரான்காரர், ஃபர்ஹாத். ஜான் என்றால் அவர்கள் பேச்சில் பிரியமானவன் என்று அர்த்தமாம்.

அந்தக் காலத்தில் ஈரான் பையன்கள் பெங்களூர் காலேஜ்களில் படிக்க நிறையப் பேர் வந்தார்கள். ஃபர்ஹாத் பாயும் பி.காம் படிக்கத்தான் வந்தார். காலேஜ் டீமில் ஆடினார், எங்கள் செக்ரெட்டரி பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இடது கால் ஆட்டக்காரர். பந்து காலுக்கு வந்தால் அவசரப்படவே மாட்டார், மற்றவர்கள் எல்லாம் ஓடி முடிக்கட்டும் என்பது போல நிற்பார், பிறகு ஒரே தட்டு. கேலரியில் இருக்கிற நம்ம ஜனங்கள் "பாய்! பாய்!" என்று கத்துவார்கள். எனக்கு ஊரிலேயே கொஞ்சம் உருது காதில் விழுந்து பழக்கம். அவர் இங்கே வந்து கற்றுக்கொண்ட உடைந்த ஹிந்துஸ்தானியும் என்னுடையதும் சேர்ந்து ஒரு மாதிரி பேச்சு ஓடும். முதல் வாரம் கிளப் எதிரில் இருந்த கடையில் டீ வாங்கி நீட்டினேன். நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து, வேண்டாம் என்றார். குடிங்க பாய் என்றேன். நீ குடி, நான் எதற்கு, என்றார். நம்ம பழக்கத்தில் நான் விடவில்லை, கிளாஸைக் கையில் திணித்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். சுடச்சுட. அப்படி ஒரு தாகம். நான் சிரித்துவிட்டேன். அப்போதுதான் சொன்னார், கேட்டவுடனே சரி என்று சொல்கிறவனை அவர்கள் ஊரில் வளர்ப்பு சரியில்லாதவன் என்பார்களாம். "முதல் ரெண்டு தடவை வாய் கேட்கும், முனி ஜான். மூணாவது தடவைதான் மனசு கேட்கும்." பெங்களூர்க்காரர்கள் ஒரு தடவையோடு விட்டுவிடுவதால் காலேஜில் முதல் வருஷம் தான் எலும்பாகப் போனதாகச் சொன்னார். சாப்பாடு, டீ விஷயத்தில் எல்லாம் இப்போது உடனே சரி என்று சொல்லப் பழகிவிட்டேன், உன் முகத்தைப் பார்த்ததும் பழைய பழக்கம் வந்துவிட்டது என்றார்.

அந்த வருஷக் கடைசியில்தான் காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றிக்கொண்டது. தொண்ணூற்று ஒன்றில் இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் யாரும் தமிழ் பேசவில்லை. தமிழர்களை இழிவாகச் சொல்கிற பெயரால், எங்களைக் கொங்கர்கள் என்று கத்திக்கொண்டு ஒரு கூட்டம் ரோட்டில் போனது. நான் ஜீவனஹள்ளிக்குப் போக பயந்து கிளப்பிலேயே கிடந்தேன். ஃபர்ஹாத் பாய்க்கு மாடியில் கிளப் கொடுத்த ரூம். என்னை அங்கே கூட்டிப்போய் வைத்துக்கொண்டார், வெளியே போய் ரொட்டி வாங்கிவருவார். ஈராக் எல்லையில் அபாதான் என்கிற ஊர் அவருடையது. ஈராக் சண்டையில் அந்த ஊரே காலியாகி, அவர் குடும்பம் ஷிராஸுக்கு ஓடியது, அண்ணன் சண்டையில் செத்துப்போனார். நான் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "போதும் உட்கார், குண்டு கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு வராது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

அவர் பயம் வேறு. வருஷா வருஷம் கிளப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் அவர் இந்த நாட்டில் இருக்க முடியும். கிளப் இல்லை என்றால் விசா இல்லை. ஈரானுக்குத் திரும்பினால் முதலில் பட்டாளத்தில் சேர வேண்டும், அவர் அதற்குப் போகாமலே வெளியே வந்துவிட்டவர். அது முடிந்து வருவதற்குள் முப்பதைத் தாண்டிவிடும். அங்கே யார் ஒரு முப்பது வயதுக்காரனை டீமில் எடுப்பார்கள்? "என் கால் அதற்குள் செத்துப்போகும்" என்பார். செத்துப்போகும் என்று சொல்லும்போது இடது தொடையைத் தடவிக்கொடுப்பார், மாட்டைத் தடவிக்கொடுப்பது மாதிரி.

அடுத்த சீசன் முடிந்ததும் கிளப் வளாகத்தில் பிரியாணி போட்டார்கள். எங்கள் செக்ரெட்டரி இரும்புக் கடை வைத்திருந்த கன்னடக்காரர், கிளப்புக்காகச் சொந்தக் கைப்பணத்தைக் கொட்டுகிறவர், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத ஆள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஃபர்ஹாத் பாய் தோளில் கை போட்டு, "ஏனப்பா ஃபர்ஹாத், நெக்ஸ்ட் இயரும் நம்ம ஜொத்தேதானே?" என்றார். நம்மோடுதானே என்று. ஃபர்ஹாத் பாய் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். கை நெஞ்சுக்குப் போனது. "நோ சார். ஐ ஆம் நாட் குட் ஃபார் யூ. யூ டேக் பெட்டர் பிளேயர்" என்றார். டீ விஷயத்தில் மாறிக்கொண்ட மனுஷன், வாழ்க்கை விஷயம் வந்ததும் அப்பா அம்மா சொல்லிக்கொடுத்த இடத்துக்கே போய்விட்டார். செக்ரெட்டரி முகம் கொஞ்சம் வாடியது. "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போனார். அவர் உன் இஷ்டம் என்றால் அதற்கு உன் இஷ்டம் என்றுதான் அர்த்தம், இந்த ஊரில் வார்த்தைக்கு அடியில் இன்னொரு வார்த்தை கிடையாது.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருத்தருக்குத்தான் எங்கள் கிளப்பில் இடம். நைஜீரியாவிலிருந்து ஒரு இளம் ஃபார்வர்ட் வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறார் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. மறுநாள் இரும்புக் கடைக்கே போய் நின்றேன். கடைக்குள் போக பயந்து, வெளியிலேயே நின்று, அவரே கூப்பிட்ட பிறகு போனேன். சார், அவங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தம் இல்லை, இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க என்றேன். "அவனுக்கு வாய் இல்லையா? பேடா அந்தவன் அவன்தானே?" என்றார். வேண்டாம் என்றவன் அவன்தானே என்று. இருந்தாலும் மனுஷன் நல்லவர். கேட்கிறேன் போ என்றார்.

கேட்கவும் செய்தார். சாயங்காலம் கிளப் கேட் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை. ஃபர்ஹாத் பாய் கிரவுண்டிலிருந்து வந்துகொண்டிருந்தார், நான் பந்துப் பையோடு பின்னால். "ஃபர்ஹாத், ஷ்யூரா? போயே தீரணுமா?" என்றார். ஃபர்ஹாத் பாய் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கேட்டுவிட்டார்களே, இரண்டாவது தடவை வந்துவிட்டதே என்கிற வெளிச்சம். கை நெஞ்சுக்குப் போனது. "சார், யூ ஃபைண்ட் யங் பாய். மை டைம் ஃபினிஷ்" என்றார் சிரித்துக்கொண்டே. சொல்லிவிட்டு செக்ரெட்டரி முகத்தையே பார்த்தார், பாஸ் வரப்போகிறது என்று தெரிந்த ஆட்டக்காரன் பந்து வைத்திருப்பவனைப் பார்ப்பது மாதிரி. செக்ரெட்டரி என் பக்கம் திரும்பினார். "நோடப்பா முனி, கேட்டாச்சு" என்றார்.

"சார், இன்னொரு தடவை. ஒரே ஒரு தடவை கேளுங்க சார்."

"ஏலமா விடறோம்? மூணு தடவை கூவறதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஃபர்ஹாத் பாய் கை நெஞ்சிலேயே இருந்தது. திரும்பி வருவார் என்றார். வரமாட்டார் பாய், இப்பவே ஆட்டோ பிடிச்சு அவர் கடைக்குப் போய் இருக்கேன்னு சொல்லுங்க என்று கிட்டத்தட்ட அவரைத் தள்ளினேன். "நானே போய்க் கேட்டால், வேண்டாதவனை வைத்துக்கொள் என்று கெஞ்சினதாகிவிடும். அப்புறம் அந்த ஜெர்சியைப் போட்டு எப்படி ஆடுவேன், முனி ஜான்?" என்றார். நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன். நான் கோபப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. நாளைக்குப் போகலாம் என்றார். மறுநாளும் அதேதான் சொன்னார். காலையில் தனியாகக் கிரவுண்டைச் சுற்றி ஓடுவார், ஓடும்போது கேட்டைப் பார்ப்பார். ஒரு நாள் கேட்டில் ஆட்டோ வந்து நின்றது. நைஜீரியாக்காரன் இறங்கினான், தோளில் பை. நல்ல பையன், இறங்கியதும் எல்லோருக்கும் கை கொடுத்தான், ஃபர்ஹாத் பாய்க்கும். அவன் போக வேண்டிய ரூமைக் காட்டியது ஃபர்ஹாத் பாய்தான்.

அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன். விசா முடிகிற வரை மலப்புறத்தில் செவன்ஸ் ஆடினாராம். அறுத்து முடித்த வயலில், கல் மாதிரி காய்ந்த மண்ணில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டம் அது. முட்டி அங்கேதான் போனது. அப்புறம் கல்கத்தாவில் ஒரு சின்ன கிளப் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டது. அங்கே அவரே போய்க் கேட்டாராம். கேட்கும்போது என்ன சொன்னார், கையை எங்கே வைத்திருந்தார் என்று நான் நினைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

நான் மட்டும் என்ன? வருஷத்துக்கு ஒரு தரம் குடியாத்தம் போகிறேன். அண்ணி "சாப்பிடு தம்பி" என்றதும் சரி என்று உட்கார்ந்துவிடுகிறேன். இங்கே பசியோடு படுத்துப் படுத்துப் பழகின பழக்கம். அண்ணி அடுப்படியில் யாரிடமோ சிரிப்பது கேட்கும், "பெங்களூர்க்காரரு, சொல்றதுக்கு முன்னாடியே உக்காந்துட்டாரு." இங்கே வந்தால் இன்னும் சிலருக்கு நான் கொங்கன்.

அவரைக் கடைசியாகப் பார்த்ததைச் சொல்லி முடிக்கிறேன். கல்கத்தா கிளப் பெங்களூருக்கு எங்களோடு ஆட வந்தது. ஸ்டேடியத்தில் கேலரிக்கு அடியில் ஒரு நடைவழி, அதில் எதிரெதிரே இரண்டு கதவு. ஒன்று எங்கள் டீமுக்கு, ஒன்று வந்தவர்களுக்கு. நான் ஐஸ் பெட்டியோடு எங்கள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி எல்லோருக்கும் முன்னால் அவர் வந்தார், லேசாக நொண்டிக்கொண்டு. கால் நேராக எங்கள் கதவுக்கு வந்துவிட்டது. என்னைப் பார்த்தார், தன் நெஞ்சில் இருந்த கல்கத்தா கிளப்பின் சிவப்பு ஜெர்சியைப் பார்த்தார், நின்றார். உள்ளே எங்கள் பையன்கள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வாங்க பாய் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. எத்தனை தடவை கேட்க வேண்டும் என்று இந்த ஊரிலேயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஆனால் கதவு என்னுடையது இல்லை. அவர் அந்தக் கதவுக்குள் வரவில்லை. எதிர்க் கதவுக்கும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, முட்டிக்குப் பட்டை சுற்ற ஆரம்பித்தார். நான் பெட்டியைத் திறந்து அவர் பக்கம் கொஞ்சம் ஐஸ் நகர்த்தி வைத்தேன். மேலே சிமெண்டுக்கு அந்தப் பக்கம் கேலரியில் நம்ம ஜனங்கள் காலைத் தட்டிக்கொண்டு "பாய்! பாய்!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் இன்னும் எங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டு.