அப்பாவின் ஒற்றைக் கண்ணும் செல்வி சிஸ்டரின் போனும்

அன்று வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். அம்மா கடலை பிடுங்கக் கூலிக்குப் போயிருந்தார். தங்கை ஆரணியில், மாமியார் வீட்டில். தைரியம் சொல்ல ஒருவரும் இல்லை. அடியார்களே, இது போன தை மாதம் நடந்தது.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பாவுக்கு வலது கண் சிறு வயதிலேயே நெல் சுணை குத்திப் போய்விட்டது. இருந்த இடது கண்ணிலும் புரை விழுந்து, திருவண்ணாமலையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தோம். மறுநாள் கட்டைப் பிரித்த செல்வி சிஸ்டர், சொட்டு மருந்தை என் கையாலேயே விடவைத்துப் பார்த்தார். குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, கண்ணைத் தேய்க்கவே கூடாது என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பஸ் ஏறும் முன், "அண்ணாமலையாரப் பாக்காம வூட்டுக்கு வரமாட்டேன்" என்றார். எனக்கும் ஆசைதான். சன்னதியில் தீபாராதனை முடிந்து கற்பூரத் தட்டு எங்கள் பக்கம் வந்தது. அப்பா இரண்டு கையையும் தீபத்தின் மேல் காட்டி, கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, உள்ளங்கைகளைக் கண்ணில் அழுத்தி ஒற்றிக்கொண்டார். விரலெல்லாம் விபூதி. அவர் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். தப்பென்று தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நாங்கள் இருவர் மட்டும் இருந்த அந்த மத்தியானம், அப்பா சோற்றுத் தட்டைத் தடவித் தேடினார். கண் ரத்தமாகச் சிவந்து, இமை வீங்கியிருந்தது. "புகை மூட்டமா கீதுடா" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா."

"போயி என்னான்னு சொல்லுவ? சாமி விபூதி பட்டு கண்ணு கெட்டுச்சின்னா? சாமி பேர கெடுக்காத. நான் தேய்க்கலடா, ஒத்திக்கினேன், அவ்ளோதான்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். எதுவென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். அன்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இனி வாழ்நாளெல்லாம் அப்பாவுக்கு இருட்டுதானா? வாசலுக்கு வந்தேன். தூரத்தில் மலை தெரிந்தது. "அண்ணாமலையாரே, உன்ன கும்பிட்டதுக்கா இது? எனக்கு ஒண்ணும் புரியல. யாரையாவது அனுப்புப்பா" என்று கதறினேன்.

போன் அடித்தது. செல்வி சிஸ்டர். வீட்டுக்கு அனுப்பியவர்களை அவர் கூப்பிட்டு விசாரிப்பார் என்பது எனக்குத் தெரியாது.

"தம்பி, அப்பாக்கு எப்படி இருக்கு?"

சொல்லாதே என்று அப்பா கையை ஆட்டினார். "நல்லாருக்காரு சிஸ்டர்."

"குரலே சரியில்லயே. வலி நேத்திக்கு விட ஜாஸ்தியா, கம்மியா?"

உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தண்ணி விட்டு கழுவாதீங்க. வேற மருந்து எதுவும் ஊத்தாதீங்க. நாங்க குடுத்த கண்ணு மூடிய போட்டு இப்பவே கிளம்புங்க. நாளைக்கின்னா கண்ணு இருக்காது. டாக்டர நான் நிறுத்தி வெக்கிறேன். போன அப்பாகிட்ட குடுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன். "ஐயா, சாமி மேல குத்தம் இல்ல. நானும் அவர கும்புடறவதான். நெஞ்சோட கைய கூப்புனா அவருக்குப் பத்தாதா? கிளம்புங்க."

அப்பா சட்டையைத் தேடினார்.

ஆட்டோவில் அவர் என் கையை விடவே இல்லை. "எதிர்ல வர்ற பஸ்ஸு தெரியுதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "தெரியுது" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "சத்தந்தான் கேக்குது" என்றார்.

சிஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார். கண்ணுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்றார் டாக்டர். கண்ணுக்குள்ளேயே ஊசி. அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர், "அரோகராவ மனசுக்குள்ள சொல்லுங்க ஐயா. வாயத் தொறந்தா தலை ஆடும்" என்றாராம்.

அதன்பின் மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. கண் பிழைக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பயந்து பயந்தே நாட்கள் போயின. ஒரு காலை, மருந்து விட வந்த சிஸ்டரை அப்பா உற்றுப் பார்த்தார். "ஏம்மா, நீ இவ்ளோ குள்ளமா?"

"இதச் சொல்லத்தான் சாமி கண்ணு குடுத்தாரா?" என்று சிரித்த சிஸ்டர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பார்வை முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் அப்பா தனியாக வயலுக்குப் போகிறார், என் முகம் தெரிகிறது. இப்போது செல்வி சிஸ்டர் ஒவ்வொருவரையும் வீட்டுக்கு அனுப்பும்போது, கும்பிடுவது எப்படி என்றும் கைகூப்பிக் காட்டுகிறார். நானும் பௌர்ணமிக்குக் கோயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டவர்களைக் கண்டால் பக்கத்தில் போய்ச் சொல்கிறேன்.

போன் செய்வது சிஸ்டரின் வேலைதானே என்கிறார்கள் சிலர். இருக்கட்டும். நான் கதறிய நேரத்தில் அந்த வேலையைச் செய்ய வைத்தவர் யார்? பயந்து நிற்பவர்களே, அண்ணாமலையாரை நம்பிக் கூப்பிடுங்கள். அவர் அனுப்பும் ஆளிடம் எதையும் மறைக்காதீர்கள்.

செலவு எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஆபரேஷன் இலவசம். ஊசி, மருந்து, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து, அப்பாவின் ஒரு கண்ணுக்கு நாங்கள் கொடுத்தது ஆறாயிரத்து நானூறு ரூபாய்.