சாமித்தம்பியின் பத்துக் காலைகள்

“திங்கள், காலை 6.10. சாமித்தம்பி. 126/80. பல்ஸ் 84.”

நான் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்த வாவிக்கரைக் கிளினிக்கில் எழுதி வந்த நீலக் கொப்பியின் ஒரு வரி இது. பிரஷர்காரர் சிலருக்கு வீட்டில் அளக்கும் மெசின் கொடுத்திருந்தோம். காலையில் கையில் பட்டியைச் சுற்றி அழுத்தினால் அளவு எங்கள் டெப் கணினிக்கு வந்துவிடும். மேல் அளவு 160ஐத் தாண்டினாலோ, ஒரு நாள் அளவு வராவிட்டாலோ அந்தப் பெயர் சிவப்பாகும். உடனே போன் எடுப்போம்; கொஞ்சம் ஏசவும் செய்வோம். அளவு சரியாக இருந்தால், “உங்கள் பிரஷர் நன்று” என்ற செய்தி வீட்டுப் போனுக்குத் தானாகப் போகும்.

நான் எல்லா அளவையும் கொப்பியிலும் எழுதுவேன்.

“டெப் மறக்காது மிஸ்ஸி. ஏன் மினக்கெடுறீங்க?” என்பார் டொக்டர்.

“டெப் சிவப்பக் காட்டினாத்தான் நீங்க பார்ப்பீங்க டொக்டர்.”

அந்தத் திங்கள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். சாமித்தம்பி விழுங்கும் பிரஷர் குளிசை பல்ஸையும் குறைப்பது. மாதக்கணக்காக அவருக்கு அறுபதைத் தாண்டியதில்லை. பத்து நாளாக எண்பதுக்கு மேல். குளிசையை விட்டிருந்தால் பிரஷரும் ஏறியிருக்க வேண்டும், அது அப்படி ஏறியதாகத் தெரியவில்லை.

போன் எடுத்தேன். அவர் மனைவி நேசம்மா பேசினார்.

“அவர் குளிக்கிறார் மிஸ்ஸி.”

“குளிச்சிட்டு வரட்டும். நான் போன வைக்கல்ல.”

“அவர் வயல் வட்டைக்குப் போய் பத்து நாள். வேளாண்மைக்கு யானைக் காவல்.”

“அப்ப அளந்தது ஆர்ர கைய?”

“என்ட கையத்தான். அளக்காட்டி நீங்க ஏசுவீங்களே.”

“குளிசை?”

“மெசின் பெட்டிக்குள்ள கிடக்கு. ரெண்டையும் ஒண்டா வைங்க, மறக்காது எண்டு சொன்னது நீங்கதானே.”

டொக்டரும் நானும் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, வயல்கள் உள்ள படுவான்கரைக்குப் போனோம். சாமித்தம்பி காவல் குடிசையான வாடியில் தலையைச் சீலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். 204/118.

“வெயில் தலையிடி மிஸ்ஸி. பிரஷர் நல்லம்தானே. ஒவ்வொரு நாளும் நீங்க அனுப்பினத அவள் எனக்குப் போன்ல வாசிச்சுக் காட்டினவள்.”

“அது உங்கட கை இல்லையே?”

“என்ட பேர்லதானே வந்தது?”

அன்றே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்து நாள் வார்டில் இருந்தார். கை, கால், பேச்சு எதற்கும் பழுதில்லை.

அதன் பிறகு மெசின் வீட்டிலிருந்தாலும் குளிசை ஆளோடு போக வேண்டும் என்று சொல்லத் தொடங்கினோம். அளவு வராத நாளில் ஏசுவதை நிறுத்தினோம். எங்கள் ஏச்சுக்குப் பயந்துதான் அந்தப் பத்து அளவுகளும் வந்தன. கொப்பியில் ‘அளந்தது யாரை’ என்று ஒரு நிரல் சேர்த்தேன்.

அந்தப் பத்தில் ஒன்று, வியாழக்கிழமையுடையது, 158/100. சிவப்பாகாததால் டெப் காட்டவில்லை; பல்ஸையே பார்த்த நானும் கவனிக்கவில்லை. பிறகு நேசம்மாவை மூன்று முறை அளந்தோம். அவருக்கு அந்த அளவு வரவேயில்லை. அயல் பெண்கள் சிலரும் விளையாட்டாகக் கையை நீட்டியதுண்டாம். “அண்டைக்கு ஆரெண்டு நினைவில்ல மிஸ்ஸி” என்கிறார். பிரஷர் உள்ள அந்தக் கை யாருடையது என்பது இன்னும் உறுதியாகவில்லை.